அவருக்காகக் குரல் கொடுத்தவள்

அன்று மத்தியானம் டிவி கேட்ட கேள்விக்கு, அடுப்படியிலிருந்த லூர்து வாயைத் திறக்கும் முன்பே கூடத்திலிருந்து பதில் வந்துவிட்டது.

"பாத்துகினு கீறாரு."

லூர்துவின் குரலேதான். சங்கரா மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. கூடத்தில் அவள் புருஷன் சவரிநாதனைத் தவிர யாருமில்லை. பக்கவாதம் வந்து அவர் பேச்சு போய்ப் படுக்கையில் விழுந்து ஒரு வருஷமாகிறது.

படம் மறுபடி ஓடத் தொடங்கியது.

எல்லாம் இந்தப் புது டிவியால் வந்த பேஜாரு. முன்பு கேபிள் இருந்தது. காலையில் போட்டால் படுக்கும்வரை யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் ஓடும். துபாயிலிருக்கும் மகன் நோயல் ஆள் அனுப்பி அதைக் கழற்றி இதை மாட்டவைத்தான். நம்பரே இல்லாத ரிமோட். வாயால் சொன்னால் போதுமாம். சர்ச்சுப் பூசை கேட்டால் கிரைண்டர் விளம்பரம் காட்டுகிறது. போதாததற்கு, நல்ல கட்டத்தில் படத்தை நிறுத்திவிட்டு, "நீங்கள் இன்னும் பார்க்கிறீர்களா?" என்று கேட்கும். படம் நின்றால் அவர் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். மீன் கவிச்சிக் கையோடு ஓடி ஓடிச் சலித்துப்போய், அடுப்படியிலிருந்தே 'பாத்துகினு கீறாரு' என்று அவருக்காகக் குரல் கொடுக்கப் பழகியிருந்தாள்.

கொடுக்கக் கூடாதென்று அவளுக்குத் தெரியும். பனிமூட்டத்தில் மீன்பிடி போட்டில் பேர் சொல்லி ஆள் எண்ணும்போது அவனவன்தான் குரல் கொடுக்க வேண்டும். இன்னொருத்தனுக்காகக் கொடுத்தால், கொடுத்தவன் குரலைக் கடல் வைத்துக்கொள்ளும். காசிமேட்டில் போட் ஓட்டிய காலத்தில் சவரிநாதனே சொன்னதுதான். கல்மண்டபம் ஏரியா வீட்டுக்குள் கடல் எங்கே வந்தது என்று அதைப் பெரிதுபடுத்தாமல் விட்டுவிட்டாள்.

நோயலுக்குப் போன் போட்டுப் புலம்பினாள்.

"உன் கொரலை அது கத்துக்கினு கீதும்மா. நல்லதுதான?" என்று அவன் சிரித்தான்.

"கத்துக்கட்டும். எனக்கு முன்னாடி இன்னாத்துக்குப் பேசுது?"

டியூட்டி இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

குழம்பை இறக்கிச் சோற்றில் ஊற்றி, தினமும்போல முள் எடுத்து ஊட்டக் கட்டிலருகே ஆறவைத்தாள். அவரிடம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று: அவள் கூப்பிட்டால் கண் அவள் பக்கம் திரும்பும். அதை வைத்துத்தான் அவள் இந்த வருஷத்தை ஓட்டினாள்.

"இன்னாய்யா, துன்றியா?"

அவர் கண் டிவி பக்கம் திரும்பியது.

மறுபடி கூப்பிட்டாள். கண் அங்கேயே இருந்தது.

பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலும் தெருவின் டீசல் புகையும் ஜன்னல் வழியே அறைக்குள் நிரம்ப, அதற்கடியில் யாரோ மூச்சை இழுத்துப் பேசத் தயாராவதுபோல் ஒரு சின்னச் சத்தம் கேட்க, அவள் வாசலைத் தாண்டிப் பக்கத்து வீட்டு தாஹிராவிடம் ஓடினாள்.

தாஹிரா அவளையும் அவள் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இப்பக்கூட உள்ள அவராண்ட பேசிகினு கீறியே. இங்க எப்டி நிக்கிற?"

லூர்து வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

திரும்பி ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள். இடித்தாள்.

"யாரு?" உள்ளிருந்து கேட்டது லூர்துவின் குரலே.

தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள். காற்றுதான் வந்தது.

"யாரும் இல்லய்யா," என்றது உள்ளே. "நீ துன்னு."

ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். பிடுங்கிய ஒயர் தரையில் கிடந்தது. திரை கறுப்பு. சவரிநாதன் எழுந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாருமில்லை. வாயைத் திறந்தார். மென்றார். விழுங்கினார். அவர் உதட்டுக்கிடையிலிருந்து ஒரு மீன்முள், குத்திவிடாமல், மெதுவாக, தானே வெளியே வந்தது. தட்டின் ஓரத்தில் போய்ப் படுத்தது.

அடுத்த வாய்க்கு அவர் திறந்தார்.