செம்பட்டைக் கூடு

தோட்டத்தில் தூவியிருந்த முடியைக் காணோம்.

ரோண்டா காபிக் கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டு, துலிப் பாத்தி ஓரத்தில் குந்தி, ஈர மண்ணை விரலால் துழாவிப் பார்த்தாள். நேற்றுச் சாயங்காலம்தான் பாத்தியைச் சுற்றி ஒரு சாண் விடாமல் தூவியிருந்தாள். ராத்திரி காற்றும் இல்லை, மழையும் இல்லை. அதற்கு முன் போட்ட மிளகாய்த்தூள்கூடப் போட்ட இடத்தில் சிவப்பாகக் கிடந்தது. முடி மட்டும் ஓர் இழைகூட மிச்சமில்லை. யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துப் போன மாதிரி இருந்தது.

அமெரிக்காவில் டொலீடோ நகருக்கு வெளியே அந்தத் தெருவில் முயலோடு மல்லுக்கட்டாத வீடு கிடையாது. ஏப்ரல் பிறந்தால் போதும், சாம்பல் நிறக் காட்டு முயல்கள் வந்து பூச்செடிகளைத் தரையோடு மொட்டையடித்துவிட்டுப் போகும். சோப்புக் கட்டி தொங்கவிடுவார்கள், உரக்கடையில் விற்கும் ரத்தத்தூள் தூவுவார்கள், ஒன்றும் பலிக்காது. கடைசியில் எல்லோரும் சொல்லும் வைத்தியம் மனுஷ முடி. மனுஷ வாடைக்கு முயல் அண்டாதாம். முடிவெட்டும் கடையில் கேட்டால் பை நிறைய அள்ளிக் கொடுப்பார்கள்.

ரோண்டா முடிவெட்டும் கடைக்குப் போகவில்லை. அலமாரி மேல்தட்டில் கோடைத்துணி தேடும்போது ஒரு ஷூ டப்பா கையில் தட்டுப்பட்டது. உள்ளே மெல்லிய காகிதத்தில் சுற்றிய ஒரு சடை. முழங்கை நீளம், செம்பட்டை நிறம், இரண்டு முனையிலும் ரப்பர் வளையம். அவள் கணவன் கர்ட்டின் முதல் மனைவி ஷானனுடையது. சிகிச்சையில் எல்லாம் கொட்டிப் போவதற்கு முன்னால் அவளே வெட்டி வைத்தது. மகள் பிரின் பெரியவளானதும் கொடுக்கவேண்டும் என்று டப்பா மேல் எழுதியிருந்தாள்.

அவள் செத்து மூன்று வருஷமாகிறது. ஆனாலும் இந்த வீட்டில் எதைத் தொட்டாலும் ஷானன். துலிப் அவள் நட்டது, திரைச்சீலை அவள் தைத்தது, ஏழு வயசுப் பிரின் தூங்குமுன் முத்தம் கொடுப்பது அவள் படத்துக்கு. கல்யாணமாகி வந்த இந்த ஒரு வருஷமாக ரோண்டா அந்தக் குழந்தைக்குத் தலை பின்னுகிறாள், மதியச் சாப்பாடு கட்டுகிறாள், காய்ச்சல் வந்தால் கண்விழிக்கிறாள். பதிலுக்குக் கிடைப்பது 'ரோண்டா', அவ்வளவுதான். ஒரே ஒரு தரம், வாய்தவறியாவது, அம்மா என்று கூப்பிட்டுவிட்டால் போதும் என்று கிடந்தாள். செத்தவள் மேல் பொறாமைப்படுவது அசிங்கம் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் வயிறு எரிந்தது. சமையலறைக் கத்தரிக்கோலால் சடையை விரல் நீளத்துக்கு நறுக்கி, கிண்ணத்தில் அள்ளிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். பொய் சொல்வானேன், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இப்போது முடியும் போச்சு, துலிப்பிலும் இரண்டு போச்சு. அன்று சனிக்கிழமை. பிரின் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள், கர்ட் கண்ணாடித் தொழிற்சாலையில் மதிய ஷிஃப்ட். ரோண்டா கம்பிவலைச் சுருளை வாங்கிவந்து, அடி விளிம்பை வெளிப்பக்கமாக மடக்கி மண்ணில் புதைத்து, தொடை உயரத்துக்குத் தோட்டம் பூராவும் வேலி அடித்தாள். ஒரு சுண்டெலி நுழைய முடியாது. கையெல்லாம் கீறல். அப்பாடா என்று அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிரின் தோட்டத்திலிருந்து கத்தினாள்.

"ரோண்டா! ஓடி வாங்க! குட்டி! நாலு குட்டி இருக்கு!"

பாத்திக்கு நடுவே, காய்ந்த புல்லை விலக்கிய ஓர் உள்ளங்கைப் பள்ளம். தாய்முயல் தன் நெஞ்சு ரோமத்தைப் பிடுங்கி மெத்தை போட்டிருந்தது. சாம்பல் ரோமத்தோடு சுற்றிச் சுற்றிப் பின்னியிருந்தது செம்பட்டை முடி. அதற்குள் கண் திறக்காத நாலு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் துடித்துக்கொண்டிருந்தன.

பிரின் ஒரு விரலால் அந்த முடியைத் தொட்டாள். "இது எங்கம்மா முடி."

"சீச்சீ, முயல் முடிடா செல்லம். அதுலயும் செம்பட்டை உண்டு."

பிரின் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குட்டிகள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு டோரீன் தன் பக்கத்துப் பலகை வேலி மேல் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "ஏம்மா ரோண்டா, முயல் வராம இருக்கத்தானே எல்லாரும் வேலி போடுவாங்க? குட்டிய உள்ள வச்சுப் பூட்டினவ நீ ஒருத்திதான்டியம்மா! வலையடிக்க முன்னால கூடு இருக்கான்னு பாக்கிறதில்லையா?"

"தெரியல டோரீன்."

"தாய் உசுரோட இருக்கான்னு பாரு. கூட்டு மேல நூலைக் குறுக்கும் நெடுக்குமா போட்டு வை. அது பொழுது சாயறப்ப ஒரு தரம், விடியறப்ப ஒரு தரம் வரும். அஞ்சு நிமிஷம் பால் குடுத்துட்டுப் போயிடும். நூல் கலைஞ்சிருந்தா வந்துச்சுன்னு அர்த்தம். அப்படியே இருந்தா, பாவம், அனாதைங்கதான்."

பிரின் உள்ளே ஓடி வெள்ளை நூல் கொண்டுவந்தாள். நாக்கைத் துருத்திக்கொண்டு, கட்டம் கட்டமாக அதைக் கூட்டின்மேல் பரப்பினாள். பிறகு குனிந்து குட்டிகளிடம் ரகசியமாகச் சொன்னாள்: "அழக்கூடாது. அம்மா வருவா. யாரும் பாக்காதப்பதான் வருவா."

அன்று பொழுது சாயும்போது ரோண்டா சமையலறை ஜன்னலிலிருந்து தாய்முயலைப் பார்த்தாள். வலைக்கு வெளியே, ஓரமாகவே ஓடியது, திரும்பியது, மறுபடி ஓடியது. மூக்கால் கம்பியை முட்டியது. கதவைத் திறந்துகொண்டு போய் வலையில் ஒரு முழத்தைத் தூக்கிவிட்டால் வேலை முடிந்தது. அவள் போகவில்லை. நூல் கலையாமல் இருக்கும், குட்டிகள் பசியில் துவளும், பிரின் அழுவாள். அப்போது பால்பொடி கரைத்து, சொட்டுக்குழாயில் எடுத்து, இரண்டு பேருமாக ஊட்டலாம். 'வராத அம்மாவை நம்பாதே, இருக்கிற என்னைப் பார்' என்று வாய்விட்டுச் சொல்லவே வேண்டாம். பால்பொடிகூட வாங்கி வந்திருந்தாள். கம்பி அதிரும் சத்தம் கேட்காமல் இருக்கத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவின தட்டையே மறுபடி கழுவினாள்.

திங்கள் விடிகாலை, பிரின் எழுவதற்கு முன்னால், செருப்புகூடப் போடாமல் போனாள். தாய்முயல் வலைக்கு வெளியே செத்துக் கிடந்தது. வலையின் அடி விளிம்பைத் தோண்டி, பிய்ந்த கம்பியில் கழுத்தை மாட்டிக்கொண்டிருந்தது. உடம்பு விறைத்து, கண்ணில் எறும்பு. ராத்திரியே போயிருக்கவேண்டும். கறுப்புப் பையில் போட்டுக் கட்டி, குப்பைத்தொட்டியின் அடியில் திணித்தாள். அப்புறம்தான் கூட்டைப் பார்த்தாள்.

நூல் கலைந்திருந்தது.

முயல் மிதித்தால் நூல் தாறுமாறாகக் கிடக்கும். இது அப்படி இல்லை. நூல் ஒவ்வொன்றும் தனித்தனியாக எடுக்கப்பட்டு, பள்ளத்துக்குப் பக்கத்தில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தது. குட்டிகளின் வயிறு நாலும் உருண்டு, பால் தளும்பி, வெள்ளையாகத் தோலுக்குள் தெரிந்தது.

"நான்தான் சொன்னேன்ல," என்றாள் பிரின், பின்னாலிருந்து. அவள் எப்போது வந்தாள் என்றே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ரோண்டா விளக்கைப் போடாமல் ஜன்னலருகே நின்றாள். எட்டரை மணிக்கும் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருந்தது. தெருவில் எங்கோ புல்வெட்டும் இயந்திரம் ஓடி ஓய்ந்தது, யார் வீட்டிலோ இறைச்சி சுடும் புகை வந்தது, அதற்கடியில் வேறொரு வாடை, ஈர ரோமமும் வெதுவெதுப்பான பாலும் கலந்த மாதிரி, மூடிய ஜன்னலின் இடுக்கு வழியாக மெல்லமெல்ல ஏறி வந்தது. பறவைச் சத்தம் நின்றுபோனது. துலிப் தண்டுகள் இரண்டு பக்கமும் சாய்ந்தன, நடுவில் யாரோ வருவதற்கு வழிவிட்ட மாதிரி. ஆள் இல்லை. முயலும் இல்லை.

நூல் ஒன்று மேலே எழுந்தது. பக்கத்தில் போய் இறங்கியது.

இன்னொன்று.

அப்புறம் புல் படிந்தது. முயல் அளவுக்கு இல்லை. நீளமாக. ஒருக்களித்துப் படுத்த ஒரு பெண்ணின் நீளத்துக்கு. முழங்காலை மடக்கி, கூட்டைச் சுற்றி வளைத்து.

ரோண்டா ஜன்னல் கொக்கியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஐந்து நிமிஷம் இருக்கும். படிந்த புல் மெல்ல நிமிர்ந்தது.

மாடிப்படியில் பிரின் இரவு உடுப்போடு உட்கார்ந்திருந்தாள். படியின் ஜன்னலும் தோட்டத்துப் பக்கம்தான்.

"பாத்தீங்களா?" என்று கேட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. இந்த ஒரு வருஷத்தில் ரோண்டாவைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. இப்போதும் அது ரோண்டாவுக்கான சிரிப்பு இல்லை.

பயந்தவள் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பு அவளை விடவில்லை. பயத்தைவிடப் பெரிதாக எழுந்தது எரிச்சல். செத்தும் விடமாட்டாளா? நானும் எத்தனை நாளைக்குத்தான் இரண்டாவதாகவே நிற்பது?

செவ்வாய் மதியம், பிரின் பள்ளியில் இருக்கும்போது, குட்டிகளைக் கூட்டோடு வழித்தெடுத்தாள். ரோமம், செம்பட்டை முடி, எல்லாவற்றோடும். பள்ளத்தை மண்போட்டு மூடி மிதித்தாள். துணி துவைக்கும் அறையில் ஓர் அட்டைப்பெட்டியில் அவற்றை வைத்து, பால் கரைத்தாள். ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. சொட்டு சொட்டாகப் பால் மோவாயில் வழிந்து, முடியை நனைத்தது.

பள்ளிவிட்டு வந்த பிரின் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இனிமே நான்தான் இதுங்களுக்கு அம்மா," என்றாள் ரோண்டா. குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. "வெளியிலிருந்து யாரும் வரவேண்டாம். சரியா?"

"கூட்ட உள்ள கொண்டாந்துட்டீங்களா?"

"ஆமா. இங்கதான் பத்திரம்."

"அப்ப அம்மாவும் உள்ளதான் வருவா," என்றாள் பிரின், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

ரோண்டா முன்கதவு, பின்கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் பூட்டினாள். பூட்டியதை மறுபடி இழுத்துப் பார்த்தாள். படுக்கவைக்கப் போனபோது பிரின் போர்வையின்மேல் கட்டம் கட்டமாக வெள்ளை நூல் பரப்பியிருந்தாள், கழுத்திலிருந்து கால்வரைக்கும். அசையாமல் மல்லாந்து படுத்திருந்தாள்.

"இதென்னடா விளையாட்டு?"

"ஆட்டாதீங்க, கலைஞ்சிரும். குட்நைட் ரோண்டா."

கிழக்கு வெளுக்கும் நேரத்தில் ரோண்டாவுக்கு விழிப்பு வந்தது. கர்ட் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். வீடு முழுக்க அந்த வாடை. பால். ஈர ரோமம். வேறு எதுவோகூட, ஆஸ்பத்திரி சோப்பு மாதிரி. எழுந்து போனாள். துவைக்கும் அறைக் கதவு திறந்திருந்தது. அட்டைப்பெட்டியில் ஒன்றுமில்லை. குட்டிகளும் இல்லை, முடியும் இல்லை. தரையில் ஈரமாக, குளிர்ந்து, ஒரு தடம் படியேறியது.

படி. இன்னொரு படி. பிரின் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது.

தள்ளினாள்.

நூல் எல்லாம் தரையில் வரிசையாக இருந்தது. படுக்கை முழுக்கச் செம்பட்டை முடி. விரல் நீளத் துண்டுகள் இல்லை. முழங்கை நீளத்துக்கு, வேரோடு பிடுங்கி, வளைத்து வளைத்துப் பள்ளம் மாதிரி மெத்தை போட்டிருந்தது. நடுவில் பிரின் சுருண்டு கிடந்தாள். அவள் கழுத்தடியில் நாலு குட்டிகளும் தூங்கின. அவள் வயிறு உருண்டிருந்தது. உதட்டோரம் வெள்ளையாக.

போர்வை அவளைச் சுற்றி நீளமாக மேடிட்டிருந்தது. தலையணையில், கதவுக்கு முதுகு காட்டி, ஒரு தலை. ஒரு முடிகூட இல்லாத தலை. பிடுங்கின இடமெல்லாம் சிவப்புப் புள்ளி.

"அம்மா," என்றாள் பிரின், கண் திறக்காமல்.

ஒரு வருஷமாக அந்தச் சொல்லுக்குக் காத்திருந்தவள். அந்த நிலையிலும், தலைதெறிக்க ஓடவேண்டிய அந்த நிலையிலும், ரோண்டாவின் வாய் தானாகத் திறந்தது.

"ம்ம்," என்று பதில் வந்தது, தலையணையிலிருந்து.

பிரின் கையை நீட்டி அந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் அரைக்கண் திறந்து வாசலைப் பார்த்தாள்.

"ரோண்டா, கதவச் சாத்திட்டுப் போங்க. நீங்க பாத்துட்டே இருந்தா அம்மாவுக்குப் பிடிக்காது."

கதவுப் பிடியில் ரோண்டாவின் கை அப்படியே நின்றது. சாத்தவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. போர்வை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, இரண்டு பேர் மூச்சுக்கு.