கலப்பில்லாத மூச்சு

காலையில் எழுந்ததும் சிறுநீரைச் சமையலறைக்குக் கொண்டுபோய் ஊற்றுவது நிழல்குழியில் நல்ல பழக்கம். ஊற்றாமல் விட்டால்தான் பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பார்கள். நிலவின் தென்முனையில், வெயில் எட்டிப் பார்க்காத ஒரு பள்ளத்துக்குள் குடியிருக்கும் சில நூறு பேருக்குத் தண்ணீர் இப்படித்தான் சுற்றிச் சுற்றி வந்தது. காற்றும் அப்படியே. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் மூச்சுவாங்கி என்றொரு சல்லடை இருந்தது. மனிதர்கள் வெளியே விடும் கரியமில வாயுவை அது பிடித்து, எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒரே குழாய் வழியாகக் கூட்டுக்கலனுக்கு அனுப்பிவிடும்.

அந்த மூச்சையும் அந்தத் தண்ணீரையும் ஒரு வினையூக்கித் தகட்டின்மேல் ஓடவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் மறுமுனையில் எரிசாராயம் சொட்டும். அதில் மறுபடி தண்ணீர் விட்டால் வோட்கா. நிறம், மணம், ருசி மூன்றும் இல்லாமலிருப்பதுதான் வோட்காவுக்கு அழகு என்பதால், நிழல்குழிச் சரக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைச் செய்த வேதியியலாளர் லூர்துமேரி அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏற்றுமதி அலுவலர் திருமாறனுக்குத்தான் கூசியது. மூத்திரமும் மூச்சும் சேர்ந்தது என்று எந்த முகத்தோடு பூமிக்காரர்களிடம் சொல்வது? அதனால் புட்டியின்மேல் அவர் இப்படி எழுதினார்: 'நானூறு கோடி ஆண்டு உறைந்து கிடந்த ஆதிப்பனி. நிலவு மண்ணில் விளைந்த உருளைக்கிழங்கு. சின்னச் செப்புப் பானையில் கைப்பக்குவமாக வடித்தது.' மூன்று வாக்கியம், மூன்றும் புளுகு.

அவர் அப்படிப் புளுகியதற்குக் காரணம் இருந்தது. பூமிக்கு அனுப்ப ஒரு பண்டமும் இல்லாத குடியிருப்புகளை நிர்வாகம் வரிசையாக மூடிக்கொண்டிருந்தது. மூடினால் எல்லோரும் பூமிக்குத் திரும்ப வேண்டும். திருமாறனின் மகள் மகிழினி நிலவில் பிறந்தவள். பன்னிரண்டு வயது. நிலவின் மெல்லிய ஈர்ப்பில் வளர்ந்த எலும்பும் இதயமும் பூமியின் எடையைத் தாங்காது என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். வோட்கா விற்றால் மகள் பிழைப்பாள். அவ்வளவுதான் கணக்கு.

சென்னையிலிருந்து சாருமதி என்ற கொள்முதல் நிபுணர் நேரில் பார்க்க வருகிறார் என்றதும் குடியிருப்பே நாடகக் கொட்டகை ஆனது. ரோபோக்கள் எல்லாம் கிடங்கில் அடைக்கப்பட்டன. பிளாஸ்டிக் தொட்டிக்குச் செம்பு நிறம் பூசி அடியில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். பொரியலுக்கு வைத்திருந்த உருளைக்கிழங்குகளை நிலவுத் தூசியில் புதைத்தார்கள். லூர்துமேரியின் கணவர் சூசைக்குத் தோல் ஏப்ரன் கட்டி, ஒட்டுத்தாடி வைத்து, கையில் மண்வெட்டி கொடுத்தாயிற்று.

"தம்பி, இந்த மனுசன் வாழ்க்கைல ஒரு மண்வெட்டியத் தொட்டதில்ல. வான இயற்பியல் படிச்சவரு," என்றார் லூர்துமேரி.

"சும்மா நின்னாப் போதும்க்கா. பேசவே வேண்டாம்."

"நம்ம சரக்கு உலகத்துலயே சுத்தமான சரக்கு. அதுக்கு எதுக்குத் தாடி?"

திருமாறன் தாடியின் ஓரத்தை இன்னொருமுறை அழுத்தி ஒட்டினார்.

சாருமதி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். சூசையின் தாடியைச் சற்று அதிக நேரம் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து கட்டைவிரல் அளவுள்ள ஒரு கருவியை எடுத்தார். நாவறி. அதன் நுனியில் ஒரு சொட்டு விட்டால் போதும், அதிலுள்ள கரி எங்கிருந்து வந்தது, நீர் எங்கிருந்து வந்தது என்று அணு அணுவாகச் சொல்லிவிடும்.

சொட்டு விழுந்தது. நாவறி இனிய குரலில் பேசியது. "கிழங்கு இல்லை. தானியம் இல்லை. கரி, மனித மூச்சு, பலருடையது. நீர், சிறுநீர், வியர்வை, கொஞ்சம் பாத்திரம் கழுவிய தண்ணீர்."

சூசை மண்வெட்டியை மெல்லக் கீழே வைத்தார். திருமாறனுக்கு அந்தத் தூசிக்குள்ளேயே தன்னையும் புதைத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. காதுமடல் சுட்டது. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"எல்லாம் பொய்தாங்க," என்றார். "நான்தான் எழுதினேன். இவங்க யாரு மேலயும் தப்பில்ல. எம் பொண்ணால பூமிக்கு வர முடியாது. அதுக்காகத்தான்."

சாருமதி சிரித்துவிட்டார். "சார், கீழ நான் விக்கிற சரக்கு எல்லாமே ஒரே ஃபேக்டரில வர்ற ஸ்பிரிட்தான். புட்டிதான் வேற வேற. ஒண்ணுல மலையருவின்னு போட்டிருப்போம், ஒண்ணுல சிறுதானியம்னு போட்டிருப்போம். உங்க பொய்ல என்ன பிரச்சினைன்னா, அது ரொம்பப் பழைய பொய். உண்மை இதைவிட நல்லா இருக்கே! மனுசங்க விட்ட மூச்சையே குடிக்கறது. யாராலயும் காப்பியடிக்க முடியாது. இதையே போடுங்க."

லூர்துமேரியின் முகம் மலர்ந்துபோயிற்று. திருமாறன் அன்று ஒரு சபதம் செய்துகொண்டார். இனி புட்டியின்மேல் ஒரு பொய் எழுதுவதில்லை. பட்ட அவமானம் போதும்.

'மூச்சு' என்ற பெயரில் முதல் சரக்கு கீழே போனது. கல்யாண வரவேற்புகளில் வைத்தார்கள். ஊற்றுவதற்கு முன் புட்டியைக் காதருகே வைத்து மூச்சுக் கேட்கிறது என்று படம் எடுத்துப் போட்டார்கள். இரண்டாவது சரக்குக்குள் நிழல்குழியை மூடும் பேச்சு நின்றது. திருமாறன் வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அப்புறம் சாருமதி திரையில் வந்தார்.

"சார், ஒரே ஒரு விஷயம். கஸ்டமருங்க கேக்கறாங்க. யாரோட மூச்சுன்னு."

"எல்லாரோடதும்தான். ஒரே கலன்."

"அதான் சிக்கலே. ஒரே குடும்பம், ஒரே வகையறா, அப்படிக் கலப்பில்லாம வேணுமாம். காப்பிக்கொட்டையெல்லாம் ஒரே தோட்டத்துதா கேப்பாங்கல்ல, அந்த மாதிரி."

"வகையறான்னா?"

பூமிக்கும் நிலவுக்கும் இடையே குரல் போய்வரும் தாமதம் தீர்ந்த பிறகும் சாருமதி கழுத்துச் சங்கிலியைத் திருகிக்கொண்டிருந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. என்ன ஆளுங்கன்னுதான். எனக்கு இதெல்லாம் சுத்தமாப் பிடிக்காது சார். நான் பாக்கவே மாட்டேன். ஆனா வாய்ல வைக்கிற பொருளாச்சே, தெரிஞ்சுக்கணும்ல அப்படிங்கறாங்க. இல்லேன்னா அடுத்த சரக்கு வேண்டாமாம்."

திருமாறன் லூர்துமேரியிடம் போனார். சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. லூர்துமேரி அவரை இடைமறிக்காமல் கேட்டார்.

"இங்க எல்லாரும் ஒரே சாப்பாட்டத்தான் திங்கிறோம் தம்பி. அதனால எல்லார் மூச்சும் ஒண்ணுதான். நாவறி தலைகீழா நின்னாலும் பிரிச்சுச் சொல்ல முடியாது. அவங்க என்ன பேரு கேக்கறாங்களோ அதை எழுதி ஒட்டிவிடுங்க. உள்ள ஒரே கலன் சரக்கு இருக்கட்டும். விஷயம் முடிஞ்சுது."

"அது பொய்யாயிடுமேக்கா."

"ஆமா, பொய்தான்!"

"இனிமே பொய் எழுத மாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன். அன்னிக்கு அந்த அம்மா முன்னாடி நின்னேனே, அது மறுபடி என்னால ஆகாது. குழாயைப் பிரிச்சிடலாம். தனித்தனிக் கலன். சொன்னதைச் செஞ்சோம்னு இருக்கட்டும்."

லூர்துமேரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கிழங்குக்குப் பொய் சொன்னீங்க, நாங்களும் தாடி ஒட்டிக்கிட்டு நின்னோம். இதுக்கு ஒரு பொய் சொல்ல வாய் வரலியா உங்களுக்கு?" என்றார். பிறகு, "எங்க வீட்டுக் குழாயை எந்தக் கலன்ல சேக்கறதா இருக்கீங்க?" என்று கேட்டார்.

சாருமதி அதையும் சொல்லித்தான் இருந்தார். யாரும் கேட்காத கலன்களின் சாராயம் கண்ணாடி துடைக்கும் திரவத்துக்குப் போகும். திருமாறன் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தரையைப் பார்த்தார். லூர்துமேரிக்குப் புரிந்துவிட்டது. அவர் தன் கணவரின் ஊரில் எத்தனையோ முறை இந்த மாதிரித் தரையைப் பார்த்த முகங்களைப் பார்த்தவர்.

வேலை மறுவாரமே தொடங்கியது. குழாய் பிரிக்கும் ரோபோ வீடு வீடாக வந்தது. எந்தக் குழாயை எதனோடு இணைப்பது என்று அதற்குத் தெரிய வேண்டுமே, அதனால் ஒவ்வொரு வாசலிலும் நின்று பணிவாகக் கேட்டது. திருமாறன் வீட்டு வாசலில் கதவைத் திறந்தது மகிழினி.

"வணக்கம். நீங்கள் என்ன ஆளுங்க?" என்றது ரோபோ.

"மனுஷங்க," என்றாள் மகிழினி.

"அப்படி ஒரு கலன் இல்லை."

அவள் உள்ளே திரும்பினாள். "அப்பா, இது என்னமோ கேக்குது. நாம என்ன ஆளுங்க?"

அதற்குப் பதிலான சொல்லைப் பூமியைவிட்டு வந்த பிறகு திருமாறன் உச்சரித்ததில்லை. மகளுக்குச் சொல்லிக்கொடுக்காததில் அவருக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது. அவர் வாசலுக்கு வந்து ரோபோவின் காதோரம் குனிந்து முணுமுணுத்தார்.

"மன்னிக்கவும், கேட்கவில்லை. சற்று உரக்கச் சொல்லுங்கள்."

எதிர்வீட்டு வாசலில் லூர்துமேரி தன் முறைக்காகக் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். திருமாறன் அந்தப் பக்கம் பார்க்காமல், நடைவழி முழுதும் கேட்கும்படி அதைச் சொன்னார். சொன்னபோது உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் வந்தது.

மகிழினி அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். புதுச் சட்டை போட்டுப் பார்ப்பதுபோல அவளுக்கு அது பிடித்திருந்தது. ரோபோ எதிர்வீட்டுப் பக்கம் திரும்புவதற்குள் அவளே முந்திக்கொண்டு, ஆசையாகக் கேட்டாள்.

"அத்தை, நீங்க என்ன ஆளுங்க?"