ஆம் போடாத வாக்கியம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை. ‘வந்தானாம், போனானாம்’ என்று நானாக எங்கேயாவது எழுதியிருந்தால் என்னை வந்து கேளுங்கள்.

ஓங்கல்துறையில் வீட்டுக்கொரு சுட்டுமானி வந்தபிறகு மீன் விற்பதே கஷ்டமாகிவிட்டது. அதன்முன் ஒரு வாக்கியத்தைச் சொன்னால், சொன்ன சம்பவம் நடந்த திசைக்கு முள் திரும்பும். நடக்காததென்றால் முள் தொங்கிவிடும், சொன்னவர் மானத்தோடு சேர்ந்து. ‘ஆம்’ போட்டுச் சொன்னால் மட்டும் விளக்கு அணைந்து கருவி உறங்கும். யாரோ சொன்னதற்கு அது பொறுப்பில்லை.

“இன்னிக்குப் பிடிச்சதாம், அக்கா.”

“மீன் கேட்டா ஆமையை விக்கிறியே.”

முள் நிற்காத புத்தகத்தை நூலகம் வாங்காது என்று சட்டமும் வந்தது. மரகதவல்லி வருஷக்கணக்கில் உழைத்த நாவலோ புராணம்: கடல்மகளை அவமதித்த அரசனின் ஊரைக் கடல் கொண்ட கதை. ‘கொண்டதாம்’ என்றிருந்ததை அவள் ‘கொண்டது’ என்று திருத்தி நூலகத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தாள். முள் சுற்றிச் சுற்றி வந்தது.

“முன்னாடி எழுதினவங்களைத் தேடிப் போகுது, அக்கா,” என்றான் நூலகத்தில் கருவி பார்க்கும் சூசை. “அவங்க அதுக்கு முன்னாடி எழுதினவங்களைக் காட்டுறாங்க. ஊரைத்தான் காணோம்.”

“ஊர்தானே வேணும்?”

புராண ஊரை அடித்துவிட்டு, “கடல் ஓங்கல்துறையைக் கொண்டது” என்று எழுதிப் படித்தாள்.

முள் நட்டுக்குத்தாக நின்றது. இங்கேதான் என்று அர்த்தம். எப்போது என்று காட்ட அதில் வசதி கிடையாது.

“முத்திரையைக் குத்து, தம்பி.”

“என் வீடு கரையிலயே இருக்கு, அக்கா. அந்த ஆமையைத் திருப்பிப் போட்டுடுங்க.”

“புராணம்டா. இல்லாத ஊருக்கு நடந்தது.”

“அந்த இல்லாத ஊர் இருந்த இடத்துலதானே நம்ம ஊரை வெச்சீங்க?”

மரகதவல்லி சிரித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பினாள். சிரிப்பு பாதியில் நின்றது. தண்ணீரில் நின்ற படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. அவற்றுக்கப்பால் வெகுதூரத்துக்குக் கடலைக் காணோம். வெறும் தரையில் சிப்பி பொறுக்கப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அவசரமாகப் பேனாவை எடுத்து, ‘கொண்டதாம்’ என்று திருத்தினாள். உரக்கப் படித்தாள். மறுபடியும் படித்தாள். விளக்கு அணையவில்லை. முள் நின்றது நின்றபடி.

“வேற யாராவது சொல்லியிருந்தாத்தான் அக்கா ‘ஆம்’,” என்றான் சூசை, பிள்ளைகளைக் கூப்பிட வாசலுக்கு ஓடிக்கொண்டே. “இதை முதல்ல சொன்னது நீங்க.”

ஓங்கல்துறை என்று ஓர் ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை.