ராணி சொன்ன ‘லா’

“மழை வருது லா, ஷாமினி! துணிய எடு!”

சமையலறையிலிருந்து அம்மா போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். ஷாமினி ஓடிப்போய்க் கொடியிலிருந்து துணிகளை அள்ளிக்கொண்டு வந்தாள். தம்பி ஜீவனின் ஒற்றைக் காலுறை மட்டும் நனைந்துவிட்டது. அம்மா அதைப் பிழிந்து, நாற்காலியில் காயப்போட்டார்.

அன்று மாலை அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. மருத்துவமனைக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

அம்மாவின் பெயர் மலர்விழி. மலாய் நாட்டுக் கிள்ளான் நகரில் பிறந்து, சென்னைக்குப் போய்ச் சினிமாவில் நடித்தவர். அவருடைய தாத்தா ரயில் பாதை போடும் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். “தாத்தா கப்பல்ல வந்தாரு. நான் பிளைட்டுல திரும்பிப் போனேன்” என்று அம்மா பெருமையாகச் சொல்வார்.

முதல் படத்தில் அம்மாவுக்கு ராணி வேடம். கேமரா ஓடியது. அம்மா கம்பீரமாகக் கையை உயர்த்தினார்.

“அமைச்சரே, விரைந்து வாங்க லா!”

கிள்ளானில் எல்லோரும் பேச்சின் முடிவில் ஒட்டும் ‘லா’ ராணி வாயிலும் வந்துவிட்டது. அமைச்சர் சிரித்த சிரிப்பில் அவருடைய ஒட்டு மீசை கழன்று விழுந்தது.

“முகம் ராணி முகம்தாம்மா. பேச்சுதான் வேற ஊரா இருக்கு” என்றார் இயக்குநர்.

அந்தப் படம் முதல் சென்னைப் படங்கள் எல்லாவற்றிலும் அம்மா வாயை மட்டும் அசைத்தார். வேறு ஒருவர் குரல் கொடுத்தார். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அம்மா விழுந்து விழுந்து சிரிப்பார்.

அம்மா போய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன. தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதி மண்டபத்தில் அவருக்கு ஒரு நினைவுக் கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. அதை நடத்தும் ராதாகிருஷ்ணன் அங்கிள் மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தார்.

“இதைத்தான் அன்னிக்குப் போடப்போறோம்” என்று ராணிக் காட்சியை ஓட்டினார்.

ராணி பேசினாள். ஜீவன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்.

“இது அம்மா இல்ல. வேற ஆன்டி பேசறாங்க” என்று சொல்லிவிட்டு அறைக்குள் ஓடினான்.

ஷாமினி பின்னாலேயே போனாள். ஜீவன் தலையணைக்குள் முகத்தைப் புதைத்திருந்தான்.

“அக்கா, அம்மா என்னை எப்படிக் கூப்பிடுவாங்க?”

“ஜீவான்னு கூப்பிடுவாங்க.”

“அப்படி இல்ல. அவங்க மாதிரியே சொல்லு. எனக்கு மறந்து போகுது.”

ஷாமினி குரலைக் கனமாக்கிச் சொன்னாள். பிறகு இழுத்துச் சொன்னாள்.

“அது நீதான்” என்றான் ஜீவன்.

ஷாமினிக்குப் பயமாக இருந்தது. அவளுக்கும் சரியாக வரவில்லையே! அம்மாவின் கைப்பேசி பூட்டிக் கிடந்தது. திறக்கும் எண் யாருக்கும் தெரியாது. அம்மாவின் குரல் பதிவாகியிருந்த அப்பாவின் பழைய கைப்பேசியோ போர்ட் கிள்ளானில் கடலுக்குள் விழுந்துவிட்டது.

அவள் கட்டிலில் உட்கார்ந்து யோசித்தாள். சென்னையில் அம்மாவின் குரலை ஏன் நீக்கினார்கள்? ‘லா’ வந்ததால். அந்த ‘லா’ யாருக்குத் தப்பாகத் தெரியாது? இங்கே இருப்பவர்களுக்கு!

அவள் கூடத்துக்கு ஓடினாள்.

“அப்பா, அம்மா இங்க ஏதாச்சும் படத்துல நடிச்சாங்களா?”

அப்பா சிவநேசன் லோரி ஓட்டுபவர். அவர் பிடரியைச் சொறிந்தார்.

“ஒரு மலாய் படம். சின்ன வேஷம்மா. ரோட்டோரம் வடை விக்கிறவ.”

“அதுல யாரு பேசினா?”

“அவதான். தமிழ்லயே, வீட்டுல பேசற மாதிரி பேசச் சொன்னாங்க.”

“ஏம்பா எங்ககிட்ட சொல்லவே இல்ல?”

“அது வந்து... ஷூட்டிங்குக்கு என் லோரியைத்தான் எடுத்தாங்க. டிரைவரா நடிக்க வேண்டியவரு வரல. என்னை நிக்க வெச்சுட்டாங்க.”

“அப்பா! நீங்க நடிச்சிருக்கீங்களா?”

“நடிக்கல லா. வடை சாப்பிட்டேன்.” அப்பா சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை. “அங்கதான் உங்கம்மாவ முதல்ல பார்த்தேன். இப்பப் போட்டுப் பார்க்க மனசு வரல.”

ஷாமினி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “தனியா பார்க்க வேணாம்பா. எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம்.”

இணையத்தில் தேடியதும் படம் கிடைத்தது. தூசி பறக்க ஒரு லோரி வந்து நின்றது. ஒல்லியான டிரைவர் ஒருவர் இறங்கி, கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டார்.

“டேய்! கைய கழுவினியா இல்லையா லா? லோரிய தொட்ட கையாலயா வடைய தொடுற?”

அறைக் கதவு படாரென்று திறந்தது. ஜீவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

“அம்மா திட்டறாங்க!” என்றான், பரிசு கிடைத்தவனைப் போல.

“உன்னை இல்லடா, அப்பாவ!” என்றாள் ஷாமினி. ஜீவன் அவள் மடியில் ஏறி உட்கார்ந்தான். அப்பா மூக்கை உறிஞ்சினார். ஷாமினிக்கு இப்போதுதான் மூச்சு நன்றாக வந்தது.

“அங்கிள், இதை மண்டபத்துல போடலாமா?”

ராதாகிருஷ்ணன் அங்கிள் தயங்கினார். “ராணியா நடிச்சவங்கள வடை விக்கிறவங்களா காட்டினா, வர்றவங்க என்னம்மா நினைப்பாங்க?”

“வர்றவங்க எல்லாம் அம்மாகூட பேசினவங்கதானே, அங்கிள்? ரெண்டையும் போடுங்க. முதல்ல ராணி. அப்புறம் அம்மா.”

அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என்னையும் இப்படித்தான் திட்டுவாங்க” என்றார். “சரி, போட்டுடுவோம்.”

மண்டபத்தில் ராணி வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். வடை விற்பவர் வாய் திறந்ததும் கூட்டமே சிரித்தது. “அப்படியே நம்ம மலரு!” என்று முன்வரிசை ஆன்டி ஒருவர் சிரித்துக்கொண்டே அழுதார்.

கிள்ளான் திரும்பும் ரயிலில் ஜீவன் அப்பாவின் கைப்பேசியில் மறுபடியும் அந்தக் காட்சியை ஓட்டினான்.

“அப்பா, இந்தத் தடவையாச்சும் கைய கழுவிட்டு வாங்க.”

“பார்ப்போம்” என்றார் அப்பா.

மூவரும் திரையைப் பார்த்தார்கள். லோரி வந்து நின்றது. ஒல்லியான டிரைவர் இறங்கினார்.

கையைக் கழுவவில்லை.