ஐந்தாவது கேள்வி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில், மலாயாவில் ஒரு வியாழக்கிழமை, தண்டவாளக் கூலி பக்கிரிசாமி பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே கூலிகளின் லயத்து வீட்டிலிருந்து பெண்டாட்டியைக் கிள்ளானுக்குக் கூட்டிப் போனான். சீதாலெட்சுமி வெந்த சோற்றையே மறுபடி உலையில் போட ஆரம்பித்திருந்தாள். குழாயடிக்குப் போனால் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றாள். பிள்ளை குட்டி கிடையாது. ஆஸ்பத்திரிக்காரனை அவன் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை. வேறு வழி இல்லை, போனான்.

ரப்பர்க்காடு முடிகிற இடத்தில் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம். உள்ளே பகலிலும் இருட்டு, ஈரச் சுண்ணாம்பு வாடை. மூளை தேய்கிற நோயைப் பற்றி வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் அங்கே பெரிய புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். தினம் காலை பத்து மணிக்கு நோயாளிக்கு ஐந்து கேள்வி. உன் பேர், உன் ஊர், எந்தத் துறையில் கப்பல் இறங்கினாய், இன்று என்ன கிழமை, புருஷன் பேர். சொன்னால் கோடு, சொல்லாவிட்டால் வட்டம். தமிழில் கேட்டு எழுதுகிறவர் டிரஸ்ஸர் சிவகுருநாதன், யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஒரு மாசம் வட்டம் விழாட்டி வீட்டை கூட்டிக்கொண்டு போம். விழுந்தா பின்வார்டு, அங்கையிருந்து ஒருத்தரும் திரும்பி வாறேல்லை," என்றார்.

முதல் ஞாயிறு பார்க்கப் போனவனிடம் டிரஸ்ஸர் கேள்விப் புத்தகத்தைக் காட்டினார். அவனுக்கு எழுத்து தெரியாது, வட்டம் தெரியும். நாலு வரிசையில் கோடு. ஐந்தாவதில் மேலிருந்து கீழ்வரை வட்டம்.

"பொம்பள புருஷன் பேரச் சொல்லுமாங்க? உங்க வீட்டுல சொல்லுமா?"

"சொல்லாது. துரைக்கு அது விளங்குமோ? வாயால வந்தாத்தான் கோடு."

அவளிடம் போய்க் கெஞ்சினான். "ஒரு தரம் சொல்லிட்டு வீட்டுக்கு வா. நான் ஒண்ணும் செத்துட மாட்டேன்."

"சும்மா இருங்க. பேரச் சொன்னா உங்க ஆயுசு தேயும். நீங்க போயிட்டா குழாயடியிலேருந்து என்னை யாரு கூட்டிட்டு வருவா?"

மாதம் முடிந்தது. பின்வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே போனபிறகுதான் நிஜமாகவே மறந்தாள். கிழமை போயிற்று, ஊர் போயிற்று, கடைசியில் சொந்தப் பேரும் போயிற்று. ஐப்பசி மழையில், ஒரு திங்கட்கிழமை செத்தாள்.

ஒரு தாளை நீட்டினார்கள். பிணத்தை எடுத்துப்போக அனுமதி என்று நினைத்துக் கட்டைவிரலை அழுத்தினான். சுடுகாட்டில் தலைத்துணியை அவிழ்த்தபோதுதான் தையலைப் பார்த்தான். மூளை ஆஸ்பத்திரிப் புட்டியில் கிடந்தது.

அழவில்லை. கொள்ளி வைத்தான். மறுநாள் வேலைக்குப் போனான்.

அவள் செத்து எட்டு நாள் கழித்து அவள் தட்டையும் சேலையையும் வாங்கப் போனான். டிரஸ்ஸர் கதவைச் சாத்திவிட்டுக் கேள்விப் புத்தகத்தைத் திறந்தார். அவள் செத்த நாளுக்குக் கீழே ஏழு வரி. நாலு வரிசையில் வட்டம்.

ஐந்தாவதில் கோடு.

"யாரு எழுதினது?"

"என்ர கையெழுத்துத்தான்," என்று குசுகுசுத்தார். "நான் எழுதேல்லை."

அலமாரியில் புட்டி. உள்ளே மஞ்சள் தண்ணீர். மருந்து வாடை தொண்டையில் காரமாக இறங்கியது.

சுவர்க் கடிகாரம் பத்து அடித்தது.

"பக்கிரிசாமி."

நனைந்த குரல். அவள் குரல்தான்.

மேஜையில் யாரும் தொடாத பேனா. தாளில் எட்டாவது கோடு ஈரமாக மின்னியது.

பேர் அவளுக்கு மறக்கவில்லை. ஏன் சொல்லக்கூடாது என்பதுதான் மறந்துவிட்டது.

மறுநாள் பத்து மணிக்குத் தண்டவாளத்தில் குனிந்திருந்தான். தூரத்தில், சிக்னல் கம்பத்தண்டை, அவன் பேர் ஒரு தரம் கேட்டது. பிறகு பாலத்தண்டை. பிறகு லயத்துக் குழாயடியில். தினம் ஒரு தரம், தினம் கொஞ்சம் கிட்டே. மாதத்துக்குள் சட்டை தொளதொளத்தது.

"என்ன அண்ணே, பாதி ஆளாயிட்டீங்க?" என்றான் கூட வேலை செய்கிற ரெங்கசாமி. "வீட்டுல ஆக்கிப்போட ஆளில்லன்னா என் கூட சாப்பிட வாங்கலா."

"ஆளு வந்துக்கிட்டு இருக்கு," என்றான்.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. கதவைத் தாழிட்டு, முதுகைச் சுவர்ப்பக்கம் வைத்து உட்கார்ந்தான். பத்து மணி ரயில் போனது.

சத்தமில்லை.

முதுகுக்கும் சுவருக்கும் நடுவே எறும்பு போகத்தான் இடமிருந்தது.

பின்கழுத்தில் ஈரமாக மூச்சு பட்டது. புட்டி மருந்து வாடை.

"வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டான், திரும்பாமல்.

காதோரத்தில் அவன் பேர் கேட்டது.