பால் குடிக்கும் சத்தம்

பூனை சீறவில்லை. அதுதான் நிஹாலுக்கு முதலில் உறுத்தியது.

வந்த நாளிலிருந்து, கதவுப் பிடியில் கை வைத்தாலே போதும், கூண்டுக்குள்ளிருந்து கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் விழுந்த மாதிரி சீறும். காதோரம் கிழிந்த, சாம்பல் வரி போட்ட தெருப்பூனை. மனிதக் கை பட்டறியாதது. அன்று மத்தியானம் அவள் மத்திமீன் தட்டோடு உள்ளே போனபோது அது தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. ஒருக்களித்துப் படுத்து, வயிற்றைத் திறந்து கொடுத்து, முன்னங்கால் விரல்களை விரிப்பதும் மடக்குவதுமாக, கண் பாதி செருகிக் கிடந்தது. குட்டிகள் முட்டி முட்டிக் குடிக்கும்போது தாய்ப்பூனையின் தொண்டையிலிருந்து வருமே, அந்தக் கிறக்கமான குறுகுறுப்பு அறை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

குட்டிகளோ அதன் முதுகுக்குப் பின்னால் குவிந்து கிடந்து கத்திக்கொண்டிருந்தன. இன்னும் கண் திறக்காத நாலும், ஒன்றன்மேல் ஒன்று ஏறி, காற்றில் வாயைத் திறந்து தேடிக்கொண்டிருந்தன. வயிற்றுப் பக்கம் ஒன்றுமில்லை. விரித்திருந்த மஞ்சள் கம்பளி மட்டும்தான்.

ஆனால் சத்தம் கேட்டது. சப், சப், சப். நடுவில் மூச்சு வாங்க ஒரு சின்ன இடைவெளி. மறுபடி சப், சப்.

கடலிலிருந்து வரும் காற்று ஜன்னல் பலகையை ஆட்டுகிற சத்தமாக இருக்கும் என்று நிஹால் தனக்குச் சொல்லிக்கொண்டாள். கணவன் வஜீஹின் தோல் கையுறையை மாட்டிக்கொண்டு, குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் சேர்த்தாள். துறைமுகத்தில் அவன் பற்றவைப்பு வேலைக்குப் போடும் கையுறை அது. பூனையின் பல் அதைத் துளைக்காது. இந்தத் தடவை பூனை கடிக்கவே வரவில்லை. சத்தம் நின்றது. பூனை கண்ணைத் திறந்து, குட்டிகளைப் பார்க்காமல், தன் வயிற்றுக்கு எதிரே கம்பளியில் எதையோ பார்த்தது.

அந்த அறை தமீமுக்காக ஒதுக்கிய அறை.

போன வேனிலில், குறைமாதத்தில் பிறந்தவன் தமீம். ஏழாம் நாள் சடங்குக்கு நெருங்கியவர்களையெல்லாம் அழைக்க நினைத்திருந்தார்கள். அந்த ஏழாம் நாள் வரவே இல்லை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வாயில் குழாயோடு கிடந்தான். அழுதான். வாய் திறந்தது, முகம் சிவந்தது, ஆனால் குழாய் இருந்ததால் சத்தமே வரவில்லை. கடைசியில் ஒரே ஒரு தடவை, அவனுக்கு முன்னால் எத்தனையோ குழந்தைகளைச் சுற்றித் தேய்ந்த ஆஸ்பத்திரி மஞ்சள் கம்பளியில் சுற்றி அவள் கையில் கொடுத்தார்கள். அப்போது அவன் அழவுமில்லை. அவனைப் புதைத்துவிட்டு வந்த அன்றிரவுதான் அவளுக்குப் பால் சுரந்தது. சட்டை நனைந்து கட்டிலில் வழிந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பிள்ளை பெற்றவளுக்கென்று நெய்விட்டுக் கிண்டி வைத்திருந்த பானத்தைச் சத்தமில்லாமல் எடுத்துப் போனார்கள். துணியால் மார்பை இறுகக் கட்டிவிட்டார்கள். வற்றும்வரை கட்டியே கிடந்தாள்.

பூனைகளைக் கொண்டுவந்து கொடுத்தது மேல்மாடி ஷெவிகார் அப்லா. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், டீச்சரம்மா என்கிற அர்த்தத்தில் எல்லோருக்கும் அப்லா. இப்ராஹிமிய்யா வட்டாரத்தின் பாதித் தெருப்பூனைகள் அவள் கையால்தான் சாப்பிடும். குளிர்காலப் புயலுக்கு முன்னால், சந்திலோ வண்டிக்கடியிலோ குட்டி போட்டதுகளைப் பொறி வைத்துப் பிடித்து, குட்டிகள் தேறும்வரை வளர்க்க வீடு தேடுவாள். "சும்மா இருக்கிற கை சும்மா இருக்காது பொண்ணே, மனசத்தான் நோண்டும். இந்தா, பிடி" என்று முதலில் ஒரு கறுப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். கறுப்பியும் அதன் குட்டிகளும் கொழுத்துத் திரிந்து நல்ல வீடுகளுக்குப் போயின. அந்த நாட்களில்தான் நிஹால் மறுபடி சிரித்தாள்.

அடுத்து வந்தது இந்தச் சாம்பல் பூனை. அது வந்த அன்று கொட்டிய மழையில் விரிப்பெல்லாம் நனைந்து, குட்டிகள் குளிரில் விறைத்துக்கொண்டிருந்தன. அலமாரியின் அடியில் ஒளித்து வைத்திருந்ததை நிஹால் எடுத்தாள். அந்தக் கம்பளியை அவள் துவைத்ததே இல்லை.

நாலு குட்டியில் வெள்ளை முதலில் போனது. காலையில் கூண்டைத் திறந்தால், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு குளிர்ந்த துணுக்கு. வஜீஹ் அதைத் தன் மதியச் சாப்பாட்டுத் துணியில் சுற்றி எடுத்துப் போய், டிராம் பாதையோரத்து ஆலமரத்தடியில் புதைத்துவிட்டு வந்தான். கை கழுவிக்கொண்டே சொன்னான்.

"திருப்பிக் கொடுத்துடலாம் நிஹால்."

"எதுக்கு?"

"உனக்காக இல்ல. எனக்காக. இன்னொரு சின்ன உடம்ப என்னால மண்ணுக்குள்ள வைக்க முடியாது."

அவன் அறைக்குள் போனான். வெகுநேரம் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தபோது கூண்டின் முன்னால் மண்டியிட்டு, கம்பி வழியே கம்பளியின் ஒரு முனையைப் பிடித்தபடி இருந்தான்.

"இது எங்க இருந்துச்சு? தொலஞ்சு போச்சுன்னு சொன்ன."

"அலமாரியில."

அவன் குனிந்து அந்த முனையை முகர்ந்தான். "பூனை வாசம்தான் வருது," என்றான்.

ஷெவிகார் அப்லா வந்து பூனையைத் துணியால் அமுக்கிப் பிடித்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். "அடியே சீமாட்டி! திங்கிறது சுல்தான் மக மாதிரி, இருக்கிறது எலும்புக்கூடு மாதிரி. எங்கடி போகுது எல்லாம்?" என்று அதைத் திட்டியபடி வயிற்று மயிரை விலக்கினாள். ஒரு வரிசைக் காம்பு முழுக்கச் சிவந்து, தோல் உரிந்து, ஈரமாக இருந்தது. மெல்ல அழுத்தினாள். பால் சொட்டியது.

"பால் இருக்கே. நல்லாவே இருக்கு. குட்டிங்க வயிறு ஒட்டிக் கிடக்கு. அப்போ யாரு குடிக்கிறா?"

நிஹால் கம்பளியைப் பார்த்தாள். பூனையின் வயிற்றுக்கு எதிரே கம்பளியில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. குட்டி படுத்த பள்ளம் அவ்வளவு நீளம் இருக்காது. அவள் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் பொருந்தியது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் கையில் எவ்வளவு நீளம் இருந்ததோ, அவ்வளவு. பள்ளத்தின் தலைப்பக்கம் பால் ஈரம். பூனை படுத்து எழுந்த மற்ற இடமெல்லாம் வெதுவெதுப்பாக இருக்க, அந்தப் பள்ளம் மட்டும் குளிர்ந்து கிடந்தது.

"என்ன பொண்ணே, முகம் வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்ல அப்லா. தூக்கமில்ல."

அன்றே கம்பளியை உருவி எடுத்து, மடித்து, அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கூண்டில் பழைய துண்டு ஒன்றை விரித்தாள். மிச்சமிருந்த மூன்றும் தாயின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு குடித்தன. பார்க்கப் பார்க்க அவற்றின் வயிறு உருண்டது. சமையலறைக்கு வந்து அரிசி களையும்போது தன்னையே நொந்துகொண்டாள். துக்கம் மூளையைத் தின்னும் என்று சும்மாவா சொல்கிறார்கள் என்று நினைத்தாள்.

அப்போது அழுகை கேட்டது.

மெல்லிய, இழையான, பலமே இல்லாத அழுகை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே, கட்டிடத்தின் நடுவில் கிணறு மாதிரி இறங்கும் இருட்டு வெளியிலிருந்து பூனைகள் இப்படிக் கத்துவதுண்டு. ஜன்னலைச் சாத்தினாள். அழுகை குறையவில்லை. வீட்டுக்குள்ளிருந்து வந்தது. அலமாரியிலிருந்து வந்தது.

அவள் தன் பிள்ளையின் குரலைக் கேட்டதே இல்லை. அவன் வாய் திறந்ததைப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். அதனால் இது அவன் குரல் இல்லை என்று சொல்ல அவளிடம் எதுவுமில்லை.

பூனைக்கும் அது கேட்டது. குடித்துக்கொண்டிருந்த குட்டிகளை உதறி எழுந்து, கூண்டுக் கம்பியில் நகம் பிய்ந்து இரத்தம் வரும்வரை பிறாண்டியது. தலையால் முட்டியது. குட்டிகள் அதன் காலடியில் மிதிபட்டன. நிஹால் கூண்டைத் திறந்ததும் ஓடிப்போய் அலமாரிக் கதவின்முன் விழுந்து கதறியது. உள்ளேயிருந்து ஒரு குரல், வெளியே ஒரு குரல். காதைப் பொத்திக்கொண்டு அவள் தாழ்வாரத்தில் நின்றாள். கடைசியில் அவளே சாவியைத் திருப்பினாள். கம்பளியைக் கூண்டில் விரித்ததும் பூனை அதன்மேல் சாய்ந்து வயிற்றைத் திறந்தது.

சப், சப், சப்.

மறுநாள் இன்னொரு குட்டி போனது. அதற்கடுத்த நாள் இன்னொன்று. வஜீஹிடம் அவள் சொல்லவில்லை. தானே கொண்டுபோய்ப் புதைத்தாள். எஞ்சியது வரி போட்ட ஒரு பெட்டைக் குட்டி. சொட்டுச் சொட்டாக ஊசிக்குழாயில் ஆட்டுப்பால் விட்டாள், பாதி வழிந்தது. பூனைக்கு எழுந்து நிற்கவும் முடியவில்லை. தோலுக்கு அடியில் ஒவ்வொரு எலும்பும் தெரிந்தது. ஆனாலும் குறுகுறுத்தது. கண் செருகி, விரல் விரித்து, இருந்த உயிரையெல்லாம் பாலாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

பார்த்துக்கொண்டே நின்ற நிஹாலுக்குப் பயத்தைவிடப் பெரியதாக ஒன்று நெஞ்சை அடைத்தது. பொறாமை. தமீம் பசியோடு போனவன். ஒரு துளிகூட அவள் மார்பிலிருந்து அவன் வாய்க்குப் போகவில்லை. அந்தப் பசியை ஒரு தெருப்பூனை தீர்த்துக்கொண்டிருக்கிறது. அவன் அம்மா கையுறை மாட்டிக்கொண்டு நின்று வேடிக்கை பார்க்கிறாள்.

வருஷாவருஷம் குளிரோடு வரும் காசிம் புயல் கரையைத் தொட்ட மத்தியானம் வானம் கறுத்து, மாலைக்கு முன்பே வீடு இருண்டது. அலை சாலையைத் தாண்டி விழுந்தது. டிராம் நின்றுவிட்டது. அவள் பூனையையும் குட்டியையும் கூடையில் அள்ளிக்கொண்டு மாடியேறினாள்.

"இதுங்கள நீங்களே வச்சுக்குங்க அப்லா. கீழ கொண்டு வராதீங்க. நான் கேட்டாலும் கொடுக்காதீங்க."

ஷெவிகார் அப்லா கூடையை வாங்கியபடி அவள் கையைப் பிடித்தாள். "என்ன செய்யப் போற? உள்ள வா. சூடா வெந்தயத் தண்ணி வச்சிருக்கேன், குடி. இந்தக் காத்துல தனியா இருக்காத."

"தனியா இல்ல அப்லா," என்றாள். படியிறங்கினாள்.

கீழே அழுகை ஆரம்பித்திருந்தது.

அறைக் கதவை உள்ளே தாழிட்டாள். கூண்டிலிருந்து கம்பளியை எடுத்துத் தரையில் விரித்தாள். பூனை மூத்திரம், மீன், புளித்த பால். அதற்கெல்லாம் அடியில் ஆஸ்பத்திரி மருந்து வாசம், லேசாக. ஒருக்களித்துப் படுத்தாள். பொத்தான்களைக் கழற்றினாள். வற்றிப்போன மார்பு. என்றோ வற்றியது.

"வா," என்றாள். "அம்மா இருக்கேன். வாடா தமீம்."

அழுகை நின்றது.

காற்றும் நின்ற மாதிரி இருந்தது. கம்பளி நகர்ந்தது. ஒரு சுருக்கம் எழுந்தது. அடங்கியது. அவளை நெருங்கி வந்தது. பள்ளம் விழுந்தது, அவள் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே.

குளிர்ந்த வாய்.

அவள் பல்லைக் கடித்தாள். ஈறு கவ்வியது. இழுத்தது. எங்கோ முதுகெலும்பிலிருந்து ஒரு நரம்பை உருவுகிற மாதிரி வலி. பிறகு சூடாக ஏதோ இறங்கியது. பால். இத்தனை மாதத்துக்குப் பிறகு. வாய்விட்டு அழுதாள். இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அந்தத் தலைக்கு மேல், காற்றில், கையை வைத்தாள். உள்ளங்கையில் ஈரமான மென்மயிர் பட்டது.

"குடி. மெதுவா குடி. எவ்வளவு வேணுமோ குடி."

குடித்தது. நிறுத்தாமல் குடித்தது. விரல் நுனி மரத்தது. கால் மரத்தது. ஜன்னலில் இருட்டு ஏறியது. அவள் சிரித்தாள்.

வாசல் கதவு திறக்கும் சத்தம். ஈரக் காலடிகள். "நிஹால்?" அறைக்கதவு அதிர்ந்தது. "நிஹால்! கதவத் திற! அப்லா என்னென்னவோ சொல்றாங்க... உயிரே, கதவத் திற!"

சத்தம் போடாதே, இப்போதுதான் குடிக்கிறான் என்று சொல்ல நினைத்தாள். நாக்கு புரளவில்லை.

கம்பளி மறுபடி நகர்ந்தது.

தமீம் அசையவில்லை. அவன் வாய் இருந்த இடத்திலேயே இருந்தது. கம்பளியின் மறு ஓரத்தில், அவள் கால்பக்கமிருந்து, இன்னொரு சுருக்கம் எழுந்தது. மெல்ல ஊர்ந்து வந்தது. அவள் வயிற்றில் ஏறியது. தேடியது.

மற்ற மார்பையும் ஒரு வாய் கவ்வியது.

அவள் பெற்றது ஒன்றுதான்.

கதவில் வஜீஹ் தோளால் மோதிக்கொண்டிருந்தான். நிஹால் தலையை மட்டும் திருப்பி, விரிந்து கிடந்த கம்பளியைப் பார்த்தாள். அது நெடுகிலும், ஒன்றன்பின் ஒன்றாக, கைக்குழந்தை நீளத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள் விழத் தொடங்கியிருந்தன.