முதல் பக்கத்துக் கேள்வி

கும்மிடிப்பூண்டி மேல் மழைக்கு என்ன கோபமோ... ஐப்பசி பிறந்ததிலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தது. அந்த மழைதான் அவனைக் கொண்டுவந்து கல்யாண மண்டபத்து வாசலில் நிறுத்தியது.

ஏஞ்சல் அப்போது ரோட்டை முறைத்துக்கொண்டு நின்றாள். கையில் எழுதும் அட்டை, அதில் ஒரே ஒரு காலி ஃபார்ம். மணி ஐந்தாகிவிட்டது. கடைசியாக வர வேண்டிய அரிசி மண்டிக்காரர் மழையைச் சாக்குச் சொல்லி வீட்டிலேயே படுத்துவிட்டார். ஆள் இல்லாமல் ஃபார்மை எப்படி நிரப்புவது?

உள்ளே, மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார வேண்டிய இடத்துக்கு முன்னால் ஒரு சிவப்புக் கார் நின்றது. இன்னும் சந்தைக்கு வராத வண்டி. பெயர் எழுதிய இடமெல்லாம் கறுப்பு டேப் ஒட்டி மறைத்திருந்தார்கள். உடம்பு சின்னக் கார், உயரம் ஜீப். இரண்டுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. இது ஜனங்களுக்குப் பிடிக்குமா என்று சென்னையிலும் பம்பாயிலும் கேட்டாயிற்று. சின்ன ஊர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதத்தான், 2008-ஆம் வருஷத்து அந்த மழையில், ஏஞ்சல் மாதிரி எட்டுப் பேரை ஒரு மார்க்கெட் ரிசர்ச் கம்பெனி அமர்த்தியிருந்தது.

இந்த மூன்று நாள் வேலையை ஒரு பிசகும் இல்லாமல் முடித்தால் ஏஞ்சலுக்கு சூப்பர்வைசர் வேலை. நிரந்தர வேலை. அத்திப்பட்டில் அவள் அப்பாவுக்கு ஃபாக்டரியில் முப்பது வருஷமும் கான்ட்ராக்ட் வேலைதான். வருஷா வருஷம் கேட் பாஸ் கிடைக்குமா, கிடைக்காதா என்று காத்துக் காத்தே தலை நரைத்துவிட்டது. கான்ட்ராக்ட் என்பது அந்த வீட்டில் ஒரு வசவுச் சொல்.

பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து அவன் மண்டபத்து வாசல் வளைவுக்குக் கீழே ஒதுங்கினான்.

"சார், கார் வாங்குற ஐடியா இருக்குதா?"

அவன் முகத்தைத் துடைத்தபடி நிமிர்ந்தான். கண் இமையில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. விழுமா... விழாதா... அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள் ஏஞ்சல். விழுந்த பிறகுதான் தெரிந்தது, அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்று.

"ஐடியாவுக்கு இன்னா பஞ்சம் மேடம்? நெறய கீது. டப்புதான் இல்ல."

"ஒரு வருஷத்துல வாங்குவீங்களா?"

"அம்மாவுக்காக வாங்கித்தான் ஆவணும். சீட்டு கட்டிகினு இருக்கேன்."

"போதும். உள்ள வாங்க."

இங்கேதான் அவள் சறுக்கினாள். ஃபார்மின் முதல் பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு. உங்கள் வீட்டில் யாராவது விளம்பரக் கம்பெனியிலோ, பத்திரிகையிலோ, கார் சம்பந்தப்பட்ட தொழிலிலோ, மார்க்கெட் ரிசர்ச்சிலோ வேலை செய்கிறார்களா? ஒருவர் இருந்தால்கூட நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். தொழிலில் இருப்பவன் வண்டியை ஜனங்களைப் போலப் பார்க்க மாட்டான், அதனால் அவன் அபிப்பிராயம் செல்லாது. அன்று வந்த பதினோரு பேரும் இல்லை, இல்லை என்றே சொல்லிவிட்டதால், பன்னிரண்டாவது ஆளிடம் கேட்காமலே நாலு 'இல்லை'யிலும் டிக் அடித்துவிட்டாள் ஏஞ்சல். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவசரக்காரியையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

டிக் அடித்துவிட்டு நிமிர்ந்தால் ஆளைக் காணோம். காரின் பின்கதவைத் திறந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, கதவோரத்துக் கறுப்பு ரப்பரைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே நீவிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட வாசலில் தன் பிள்ளையைக் கண்டுபிடித்தவன் மாதிரி ஒரு சிரிப்பு வேறு.

"தொடக் கூடாது சார்."

"தொட்டாத்தான மேடம் தெரியும்? இந்த ரப்பரு இருக்குது பாருங்க, இது..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

அவன் வாயை மூடிக்கொண்டான். கண் மட்டும் சிரித்தது.

"பேரு?"

"தானியேல்."

"இந்த வண்டியப் பார்த்ததும் இன்னா தோணுது?"

"காரு மாதிரி நைசாவும் கீது, ஜீப்பு மாதிரி நிமிந்தும் நிக்குது. எங்க தெருவுல முழங்கால் தண்ணி நிக்கும் மேடம், சின்னக் காரு தாங்காது. பெரிய வண்டி வாங்கினா சந்துல திரும்பாது. இது ரெண்டுத்துக்கும் சரி வரும்."

"உள்ள ஒக்காந்து பாருங்க... எப்படி இருக்குது?"

அவன் ஏறி உட்கார்ந்தான். இறங்கினான். மறுபடி ஏறினான். சீட்டின் உயரத்தைக் கையால் அளந்து பார்த்தான்.

"எங்கம்மாவுக்கு ரெண்டு முட்டியும் வலி. பஸ்ஸுல ஏறவும் முடியாது, சின்னக் கார்ல குனிஞ்சு ஒக்காரவும் முடியாது. சர்ச்சுக்குப் போயி ஒரு வருஷம் ஆவுது. இதுல... ஊட்ல சேர்ல ஒக்கார மாதிரி ஒக்காரலாம். குனியவும் வாணாம், தாவவும் வாணாம்."

ஏஞ்சலின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. அவன் எட்டிப் பார்த்தான்.

"நான் சொன்ன மாதிரியேவா எழுதறீங்க?"

"மாத்த எனக்கு ரைட்டு இல்ல. ஒரு வார்த்தை கூட."

"நான் பேசறத யாரும் இவ்ளோ கவனமா கேட்டதில்ல மேடம்."

அதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்தப் பக்கத்திலும் அச்சடித்திருக்கவில்லை. காது மடல் சூடாவதை மறைக்க அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

கடைசியில் போன் நம்பர் கேட்டபோது, "நீங்க பேசுவீங்களா?" என்றான்.

"சரிபார்க்க ஆபீஸ்லேர்ந்து பேசுவாங்க. நான் பேசக் கூடாது."

"அதான் பேஜாரு," என்றான் தானியேல். வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கிற ஹாட் பாக்ஸை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனான். அன்று அத்திப்பட்டுக்குத் திரும்பும் ரயிலில் ஏஞ்சல் ஜன்னலைச் சாத்தவே இல்லை. பக்கத்து சீட்டு அம்மாள் திட்டியதும் அவள் காதில் விழவில்லை.

ஐந்தாம் நாள் குண்டு விழுந்தது.

பொன்னேரியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவர்களுடைய ஆபீஸ். மேலதிகாரி வீரராகவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ போதாத காலம்.

"ஏம்மா ஏஞ்சல், அந்த தானியேலுக்குப் போன் பண்ணேன். ஊட்ல யாராவது கார் தொழில்ல இருக்காங்களான்னு கேட்டா, நான்தான் சார்னு சந்தோஷமா சொல்றான். சிப்காட்ல கார் கதவுக்கு ரப்பர் பண்ற கம்பெனியாம். அந்த வண்டியில இருக்கிற ரப்பரே அவன் மிஷின்ல வந்ததாம். நீ என்னடான்னா 'இல்லை'ன்னு டிக் அடிச்சிருக்கே."

ஏஞ்சலுக்கு இப்போதுதான் புரிந்தது. கட்டைவிரலால் நீவிய அந்த ரப்பர்... அந்தச் சிரிப்பு...

"அவன் ஃபார்ம் செல்லாது. இனிமே உன்னோட மூணு நாள் ஃபார்ம் முப்பத்தாறையும் சந்தேகமாத்தான் பார்ப்பாங்க. ஒண்ணு பண்ணு. கேட்டேன், அந்த ஆளு மறைச்சிட்டான்னு ஒரு லெட்டர் குடு. உன் மேல தப்பு வராது. சூப்பர்வைசர் வேலையும் தப்பிக்கும். சனிக்கிழமை வரைக்கும் டைம்."

"லெட்டர் எங்க போவும் சார்?"

"கார் கம்பெனிக்கு. அங்கேருந்து அவன் கம்பெனிக்கு. வெளியில வராத வண்டிய ஏமாத்தி உள்ள வந்து பார்த்தான்னா சும்மாவா விடுவாங்க?"

மாடிப்படியிலேயே நின்று, ஃபார்மில் எழுதியபோதே மனசில் பதிந்துவிட்ட அவன் நம்பருக்குப் போன் போட்டாள்.

"ஏன் சொல்லல?"

குரலைக் கேட்டதும் தெரிந்துகொண்டான். "மேடம்... நீங்க கேக்கவே இல்லயே. நானா சொல்ல வந்தப்பவும் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னுட்டீங்க."

"எல்லாம் தெரிஞ்சிகினு வந்து என்னை முட்டாளாக்கிட்டீங்க. என் வேலையே போச்சு." பதிலைக் கேட்காமல் துண்டித்தாள். நாலு தடவை அவன் திரும்ப அழைத்தான். அவள் எடுக்கவில்லை.

கோபம் என்று பெயர் வைத்துக்கொண்டாளே தவிர, அது கோபம் இல்லை. அவன் சொன்னது அத்தனையும் உண்மை, அதுதான் குத்தியது. வீட்டில் அம்மா ஆரோக்கியமேரி, "எழுதிக் குடுத்துட்டுப் போயேன்டி, யாரோ ஒருத்தன்தான?" என்றாள். யாரோ ஒருத்தன்தான். ஏஞ்சல் காகிதத்தை எடுத்து உட்கார்ந்தாள். 'கேட்டேன், அவர் மறைத்தார்.' இவ்வளவுதான் எழுத வேண்டும். ஆனால் அவன் சொல்லாததை அவன் சொன்னதாக எழுத அந்தக் கைக்கு வரவில்லை. ஒரு வார்த்தை கூட மாற்ற ரைட்டு இல்லை என்று வாய் கிழியப் பேசியது யாராம்? மேலும்... பஸ்ஸில் ஏற முடியாத அந்த அம்மாவுக்கு இவன் ஒருவன்தான் சம்பாதிக்கிறானோ என்னவோ.

வெள்ளிக்கிழமை காலை லெட்டரை வீரராகவன் மேஜையில் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் ஓடிவந்துவிட்டாள். 'முதல் பக்கத்தை நான் கேட்கவே இல்லை. அவர் எதையும் மறைக்கவில்லை. தப்பு என்னுடையது.' எழுதி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. அழுகையும் வந்தது. வேலை போன அழுகையா, அவன் கூப்பிட்டும் போனை எடுக்காமல் விட்ட அழுகையா, அவளுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை மதியம் அவள் ஆபீஸ் படியேறும்போது மேலே அவன் குரல் கேட்டது. மிச்சப் படிகளை ஓடியே ஏறினாள். வாசலில் நின்று பார்த்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, வீரராகவன் முன்னால் ஒரு கையில் ஹாட் பாக்ஸும் மறு கையில் ஈரக் காகிதமுமாக நின்றுகொண்டிருந்தான் தானியேல்.

"அவங்க கேட்டாங்க சார். நான்தான் பொய் சொல்லி உள்ள பூந்தேன். மண்டபத்துல ஆபீஸ் அட்ரஸ் கேட்டு, எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்தாந்துட்டேன். அவங்களுக்கு வேலையக் குடுத்துடுங்க."

"உனக்கு வேலை போயிடும்யா, தெரியுமா?"

"கையில தொழில் கீது சார். வேற எடம் பாத்துக்குவேன்."

வீரராகவன் இழுப்பறையிலிருந்து ஏஞ்சலின் லெட்டரை எடுத்து அவன் முன்னால் போட்டார். அவன் நின்றபடியே படித்தான். முதலிலிருந்து மறுபடி படித்தான். பிறகு திரும்பி, வாசலில் நின்றவளைப் பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவள் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பைத்தியக்காரன் ஆக்காதீங்க," என்று அவனுடைய காகிதத்தை நாலாகக் கிழித்தார் வீரராகவன். "ஏம்மா, உன் மத்த ஃபார்ம் முப்பத்தஞ்சையும் போன் பண்ணி சரிபார்த்தாச்சு. ஒரு எழுத்து தப்பில்ல. ஆனாலும் இந்தத் தடவை சூப்பர்வைசர் வேலை வேற ஆளுக்குப் போயிடுச்சு, என்னால தடுக்க முடியல. நெல்லூர்ப் பக்கம் புது வேலை வருது. தை பொறக்கட்டும், உன் பேரைத்தான் முதல்ல சொல்வேன்."

ஏஞ்சல் தலையாட்டினாள். வலித்தது. ஆனால் தலை குனிய வேண்டியிருக்கவில்லை.

"இன்னொண்ணு. 'சேர்ல ஒக்கார மாதிரி'ன்னு இவன் சொன்னது கணக்குல வராது. ஆனா அதைப் படிச்சிட்டுக் கம்பெனிக்காரங்க, அடுத்த வாரம் திருவள்ளூர் மண்டபத்துக்கு அறுபது வயசு அம்மாங்களையும் கூப்பிடச் சொல்லிட்டாங்க. இத்தினி நாளும் வாலிபப் பசங்களையே கேட்டுகினு இருந்தோமேன்னு அவங்களுக்கே வெக்கம்."

"எங்கம்மா வரலாமா சார்?"

"நீ கார் தொழில். உன் ஊட்லேருந்து ஒரு ஈ காக்கா வரக் கூடாது." டீ குடிக்கப் போவதாகச் சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். டீக்கடைக்காரன் தினமும் மேலேயே கொண்டுவந்து கொடுப்பான் என்பது வேறு விஷயம்.

மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

"இத்தக் குடுக்கத்தான்..." ஹாட் பாக்ஸை மேஜையில் வைத்தான். "செல்லாதவனுக்குக் கிஃப்டு எதுக்கு? வெறும் பாத்திரமாத் திருப்பித் தரக் கூடாதுன்னு அம்மா எறாத் தொக்கும் சோறும் வச்சி அனுப்பிச்சாங்க."

ஏஞ்சல் ஒரு காலி ஃபார்மை எடுத்து அட்டையில் செருகினாள்.

"முதல் பக்கம். அன்னிக்கி கேக்காத கேள்வி. இப்பக் கேக்கறேன், ஒழுங்கா பதில் சொல்லுங்க. உங்க ஊட்ல யாராவது விளம்பரக் கம்பெனியில வேலை செய்றாங்களா?"

"இல்ல."

"பத்திரிகையில?"

"இல்ல."

"கார் தொழில்ல?"

"நான்தான்."

"மார்க்கெட் ரிசர்ச்ல?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். இமையில் அதே மாதிரி ஒரு துளி...

"இன்னிக்கித் தேதிக்கு இல்ல."

பேனா நின்றது. "அப்படின்னா?"

"அப்படி ஒருத்தங்க எங்க ஊட்டுக்கு வருவாங்களான்னு கேக்கத்தான் வந்தேன். நான் சொன்னத ஒரு வார்த்த உடாம எழுதிகினு இருந்தீங்க பாருங்க... அப்பவே எனக்குப் புடிச்சிப்போச்சு. அம்மாகிட்ட சொல்லிட்டேன். உங்களாண்ட சொல்லத்தான் பயமா கீது, ஏஞ்சல்."

மேடம் போய்ப் பெயர் வந்திருந்தது. அவள் குனிந்து எழுதினாள். அவன் சொன்ன அத்தனையையும், பயமா கீது வரைக்கும், அப்படியே எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணிக்கொண்டு போயிற்று. கடைசியில் மார்க்கெட் ரிசர்ச் கட்டத்துக்கு வந்து, 'ஆம்' என்பதில் டிக் அடித்தாள்.

"ஆம்னு போட்டா ஃபார்ம் செல்லாதே," என்றான் அவன்.

"செல்லாது. இத்தோட நிறுத்தி, நன்றி சொல்லி அனுப்பிடணும். அதான் ரூல்."

"அனுப்பப் போறீங்களா?"

ஏஞ்சல் அட்டையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவன் சொன்னதற்குக் கீழே, எந்தக் கேள்விக்கும் சொந்தமில்லாத இடத்தில், ஒரு வரி இருந்தது. 'எனக்கும் பிடித்திருக்கிறது. அன்றைக்கே.'

அவன் அந்த வரியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"ஒக்காருங்க," என்றாள் அவள், ஹாட் பாக்ஸின் மூடியைத் திருகிக்கொண்டே. "சோறு ஆறிடும். உங்கம்மாவ எப்பப் பாக்கலாம்னு சாப்டுகினே சொல்லுங்க."